ஒரு வருஷமா, ஆயுசுக்குமா? சி.எல்.எல். மருந்துக்கு நாங்கள் போட்ட கணக்கு

காரைக்குடியில் மருந்துக்கடை வைத்திருப்பவனுக்கு ஒரு தொல்லை உண்டு. சொந்தபந்தத்தில் யாருக்கு ரத்தம் எடுத்தாலும் ரிப்போர்ட் டாக்டர் கைக்குப் போகும் முன் நம் வாட்ஸப்புக்கு வந்துவிடும். கானாடுகாத்தானில் இருக்கும் என் பெரியப்பச்சியின் ரிப்போர்ட்டும் அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இலையில் சோறு விழும் நேரத்தில் வந்தது. வெள்ளையணு 1,40,000. ஹீமோகுளோபின் 9.4. அடியில் ‘ஸ்மட்ஜ் செல்கள் அதிகம்’ என்று ஒரு வரி. ஸ்மட்ஜ் செல் என்பது வேறொன்றுமில்லை, ரத்தச் சொட்டைக் கண்ணாடித் துண்டில் இழுக்கும்போதே நசுங்கிப்போகிற லிம்ஃபோசைட்டுகள் என்ற ஒருவகை வெள்ளையணுக்கள்தான். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஈரம் காயாத மை எழுத்தைக் கட்டைவிரலால் தேய்த்த மாதிரி இருக்கும். கண்ணாடியில் இழுத்தாலே உடைந்துபோகிற அதே அணுக்கள் உடம்புக்குள் சாகவே மாட்டேன் என்று அடம்பிடிப்பதுதான் சி.எல்.எல். என்கிற இந்த ரத்தப் புற்றுநோய்.

நான் டாக்டர் இல்லை. பி.ஃபார்ம் படித்துவிட்டு இருபது வருஷமாகக் கடையில் நிற்பவன். பெரியப்பச்சிக்கு இரண்டு வழி சொன்னார்கள், அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரத்தில் படித்ததையும் சண்டை போட்டதையும்தான் இங்கே எழுதுகிறேன், இதே மேசையில் இதே இரண்டு காகிதத்தோடு வேறு யாராவது உட்கார்ந்திருக்கக்கூடும் என்பதால்.

முதலில் ஒன்று. இது அவருக்குப் புதிதாக வந்த நோய் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் கண்புரை ஆபரேஷனுக்காக எடுத்த ரத்தத்திலேயே தெரிந்துவிட்டது. அப்போது டாக்டர் சொன்னது, “மருந்து வேண்டாம், பார்த்துக்கொண்டிருப்போம்.” புற்றுநோய் என்று சொல்லிவிட்டு மருந்து வேண்டாம் என்றால் எந்த வீட்டில் ஒப்புக்கொள்வார்கள்? சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் அன்று ராத்திரியே மூன்று ஆஸ்பத்திரிக்கு மெயில் போட்டான். எல்லோரும் அதையே சொன்னார்கள். தொந்தரவு இல்லாத சி.எல்.எல்-க்கு முன்கூட்டியே மருந்து கொடுத்தால் ஆயுசு கூடுவதில்லை, பக்கவிளைவுதான் முன்கூட்டி வருகிறது. இது பழைய கீமோ மருந்திலும் பார்த்தாயிற்று, புது மாத்திரையிலும் பார்த்தாயிற்று. வெள்ளையணு எண்ணிக்கை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதுமட்டும் மருந்து தொடங்கக் காரணமாகாது. ஹீமோகுளோபின் இறங்குவது, பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே போவது, ஆறு மாதத்தில் உடம்பில் பத்தில் ஒரு பங்கு எடை குறைவது, நெறிகட்டியும் மண்ணீரலும் ரொம்பப் பெருப்பது, எண்ணிக்கை ஆறு மாதத்துக்குள் இரட்டிப்பது, இவற்றைத்தான் பார்க்கிறார்கள். பெரியப்பச்சிக்கு இப்போது இவற்றில் இரண்டு வந்துவிட்டது. சட்டையின் கழுத்துப் பொத்தான் போட முடியவில்லை என்று பெரியாத்தா சொன்னதை நாங்கள் உடம்பு பருத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தோம், அது நெறிகட்டி.

மதுரையில் ரத்தநோய் டாக்டரைப் பார்த்தோம். நல்ல மனுஷி, அவசரப்படாமல் பேசினார். ஒரு காகிதத்தில் பி.சி.எல்.-2 என்றும் இன்னொன்றில் பி.டி.கே. என்றும் எழுதி, “இரண்டு புரதம். நோய் அணுக்கள் இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருக்கின்றன. எதைத் தட்டினாலும் நோய் அடங்கும். இரண்டுமே நல்ல மருந்துதான். வீட்டில் பேசிவிட்டு வாருங்கள்” என்றார். இந்தக் கடைசி வரிதான் எங்களைப் படுத்தி எடுத்தது. ஒன்று நல்லது ஒன்று கெட்டது என்றிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

(இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ‘புரதத்தை அடக்கும் மருந்து’ என்று நான் வீட்டில் சொன்ன மறுநாளிலிருந்து பெரியாத்தா பருப்பை நிறுத்திவிட்டார். முட்டையும் இல்லை. சாப்பாட்டில் இருக்கும் புரதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது அணுவுக்குள் இருக்கும் ஒரு கருவி மாதிரி என்று புரியவைக்க ஒரு வாரம் ஆயிற்று. அதற்குள் ‘ஃபிஷ்’ டெஸ்ட் எழுதிக் கொடுத்தார்கள், அது குரோமோசோமில் எது உடைந்திருக்கிறது என்று பார்க்கும் சோதனை, அவர் மீனையும் நிறுத்திவிட்டார்.)

சரி, அந்தப் புரதங்கள் என்ன செய்கின்றன? நம் உடம்பில் ஒவ்வொரு அணுவுக்குள்ளும், பழுதானால் தானே செத்துப்போவதற்கான ஏற்பாடு இருக்கிறது. சாவுக்கான ஆணையை எடுத்துக்கொண்டு சில தூதுப் புரதங்கள் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போகும், அங்கே சவ்வில் ஓட்டை விழும், அணு மடங்கிச் சுருங்கும். பி.சி.எல்.-2 அந்தச் சவ்வின் மேல் உட்கார்ந்துகொண்டு வரும் தூதரை எல்லாம் கையைப் பிடித்து நிறுத்தி வைத்துக்கொள்ளும் ஆள். சாதாரண அணுவில் அளவாக இருப்பார். சி.எல்.எல். அணுவில் கும்பலாக உட்கார்ந்திருப்பார். ஆகவே ஆணை வந்துகொண்டே இருக்கிறது, நிறைவேறுவதே இல்லை. 1988-ல் மெல்போர்னில் இருக்கும் வால்ட்டர் அண்ட் எலிசா ஹால் ஆய்வகத்தில் டேவிட் வோ, சூசன் கோரி, ஜெர்ரி ஆடம்ஸ் மூவரும் இதைக் கண்டுபிடிக்கும் வரை, புற்றுநோய் ஜீன் என்றாலே அணுவை வேகமாகப் பெருகவைப்பது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். பெருக்காமல், சாகவிடாமல் வைத்திருந்தே புற்றை உண்டாக்க முடியும் என்பது அன்றைக்குப் புதுச் செய்தி. அதற்கு மாத்திரை வர அப்புறம் 28 வருஷம் பிடித்தது. வெனிட்டோகிளாக்ஸுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2016-ல். அந்த மாத்திரை போய் பி.சி.எல்.-2-வின் கைப்பிடிக்குள் தான் உட்கார்ந்துகொள்ளும். தூதர்கள் விடுபட்டுவிடுவார்கள், தேங்கிக் கிடந்த ஆணை எல்லாம் ஒரே நேரத்தில் நிறைவேறும். இந்த ‘ஒரே நேரத்தில்’ என்பதுதான் அந்த மருந்தின் பலம், ஆபத்தும் அதுதான். பின்னால் சொல்கிறேன்.

பி.டி.கே. வேறு மாதிரி. 1952-ல் ஆக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க ராணுவ டாக்டர், ஓயாமல் தொற்று வந்துகொண்டிருந்த எட்டு வயதுப் பையன் ஒருவனுடைய ரத்தத்தில் காமா குளோபுலினே இல்லை என்று கண்டார். அதற்குக் காரணமான ஜீன் 1993-ல்தான் பிடிபட்டது. அவர் பேரையே அதற்கு வைத்தார்கள், பி.டி.கே-யில் இருக்கும் ‘பி’ அவர்தான். அந்தப் புரதம் இல்லாவிட்டால் பி லிம்ஃபோசைட் என்ற அணுவே வளராது. அதாவது வெளியிலிருந்து வரும் ‘பிழைத்திரு, பெருகு’ என்ற சேதியை பி அணுவுக்குள் கடத்தும் கம்பி இது. சி.எல்.எல்-ம் பி அணுவில் வரும் நோய்தானே, அதனால் கம்பியை வெட்டினால் பட்டினி.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை நான் இப்படித்தான் சொல்வது. பர்மாவிலிருந்து வரவு நின்றபோது எங்கள் பக்கத்து வீடுகள் மறுநாளே விழுந்துவிடவில்லை. முதலில் இரண்டாங்கட்டில் விளக்கு நின்றது, அப்புறம் ஆட்கள் குறைந்தார்கள், அப்புறம் சாமான் ஒவ்வொன்றாக வெளியேறியது, பத்துப் பதினைந்து வருஷத்தில் முகப்பு மட்டும் நின்றது. பி.டி.கே. மருந்து அந்த மாதிரி, வரவை நிறுத்துவது. பி.சி.எல்.-2 மருந்து வளவுக்குள் புகுந்து தேக்குத் தூணையே உருவுவது. உத்தரம் யார் தலையில் விழும் என்று பார்த்துக்கொண்டுதான் உருவ வேண்டும்.

பழைய கீமோவும் ஒரு வழியாக மேசையில் இருந்தது, குளோராம்புசில், பெண்டாமஸ்டின் வகையறா. விலை குறைவு என்பதைத் தவிர அதன் பக்கம் சொல்ல அதிகமில்லை. கீமோ அணுவின் டி.என்.ஏ-வை உடைக்கும், அந்த உடைப்பைப் பார்த்து பி53 என்ற காவல் புரதம் சாவு ஆணை அனுப்பும். பி53 கெட்டுப்போன நோயாளியிடம் ஆணை அனுப்பவே ஆளில்லை. வெனிட்டோகிளாக்ஸ் பி53-க்குக் கீழே, கடைசிப் படியில் வேலை செய்வதால் பி53 இல்லாதவர்களிடமும் வேலை செய்கிறது. 2019-ல் வெளியான சி.எல்.எல்.14 என்ற 432 பேர் ஆய்வில் வெனிட்டோகிளாக்ஸும் ஒபினுட்டுசுமாப் ஊசியும் ஒரு பக்கம், அதே ஊசியோடு குளோராம்புசில் இன்னொரு பக்கம். ஆறு வருஷம் கழித்துப் பார்த்தால் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் முதல் பக்கத்தில் 53 சதவீதம், கீமோ பக்கத்தில் 22 சதவீதம். அதோடு அந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டோம்.

இப்போது அந்த இரண்டு வழிக்கும் வருகிறேன். பி.டி.கே. வழியில் தினம் மாத்திரை, அவ்வளவுதான். இப்ருட்டினிப் என்றால் 420 மில்லிகிராம் ஒரு வேளை, அகாலாப்ருட்டினிப் என்றால் 100 மில்லிகிராம் இரண்டு வேளை, ஜானுப்ருட்டினிப் என்றால் 160 இரண்டு வேளை அல்லது 320 ஒரே வேளை. ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டாம், ஊசி வேண்டாம். மாத்திரை வேலை செய்யும் வரை, அல்லது உடம்பு தாங்கும் வரை, நிறுத்தக் கூடாது. பி.சி.எல்.-2 வழியில் 28 நாள் வீதம் 12 சுற்று, ஏறக்குறைய ஒரு வருஷம். முதல் ஆறு சுற்றில் ஒபினுட்டுசுமாப் ஊசியும் கூட. முதல் சுற்றில் அந்த ஊசியை 100, 900 என்று இரண்டாகப் பிரித்து இரண்டு நாளில் போடுவார்கள், குளிரும் காய்ச்சலும் தூக்கிப்போடும் என்பதால். வருஷம் முடிந்தால் மருந்தும் முடிந்தது.

எண்களை வைத்து முடிவெடுக்கலாம் என்றுதான் நான் ஆரம்பித்தேன். அகாலாப்ருட்டினிப் மட்டும் சாப்பிட்டவர்களில் ஆறு வருஷத்தில் நோய் முற்றாமல் இருந்தவர்கள் 62 சதவீதம் என்று ஓர் ஆய்வு. அது 53-ஐ விடப் பெரிசுதானே என்று அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கத்தினான். ஆனால் இந்த 62-ம் அந்த 53-ம் வேறு வேறு ஆய்வு, வேறு வேறு நோயாளிகள், சி.எல்.எல்.14-ல் எடுத்ததே சிறுநீரகம் மந்தமானவர்கள், கூட நாலு வியாதி உள்ளவர்கள். அதோடு அந்த 53 சதவீதம் பேர் மருந்தை நிறுத்தி ஐந்து வருஷம் ஆனவர்கள், 62 சதவீதத்தில் பெரும்பாலோர் இன்னும் தின்றுகொண்டிருப்பவர்கள். இப்படி ஒரு கடை விலையையும் இன்னொரு ஊர்ச் சந்தை விலையையும் பக்கத்தில் வைத்து யாரும் சரக்கு வாங்குவதில்லை. நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வு 2025 கடைசியில்தான் வந்தது, சி.எல்.எல்.17 என்று பேர். முதல் முறை மருந்து எடுப்பவர்கள் 909 பேர். ஒரு பங்குக்கு நிறுத்தாமல் இப்ருட்டினிப், மற்ற இரண்டு பங்குக்குக் காலவரை வைத்த வெனிட்டோகிளாக்ஸ் கூட்டு. மூன்று வருஷத்தில் மூன்று பக்கமும் ஏறக்குறைய 80 சதவீதம். அதாவது, எண் எங்களைக் கைவிட்டுவிட்டது. மூன்று வருஷம் சின்னக் காலம்தான் என்பது வேறு விஷயம்.

எனவே மற்றதைப் பார்க்க வேண்டியதாயிற்று, அதில்தான் விஷயமே இருந்தது.

இதயம். பெரியப்பச்சிக்கு ஒன்பது வருஷத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்தது, தினம் ஆஸ்பிரின், பி.பி-க்கு இரண்டு மாத்திரை. பி.டி.கே. மருந்துகளுக்கு நாடித்துடிப்பைத் தாறுமாறாக்கும் குணம் உண்டு, பி.பி-யை ஏற்றும், பிளேட்லெட் ஒட்டுவதைக் குறைத்து ரத்தக் கசிவை உண்டாக்கும். புதியவை இதில் எவ்வளவோ மேல்: இரண்டையும் நேராக ஒப்பிட்ட ஆய்வில் துடிப்புக் கோளாறு இப்ருட்டினிப்பில் 16 சதவீதம், அகாலாப்ருட்டினிப்பில் 9.4. இவ்வளவு குறைந்தது சந்தோஷம்தான், ஆனால் ஏற்கனவே ஆஸ்பிரினில் இருக்கும் 71 வயது ஆளுக்கு அது ஆயுசுக்கும் கூடவே வரும் ஆபத்து. பல் பிடுங்கக்கூட மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். உப்புக்கண்டமும் வடகமும் ஊறுகாயும் இல்லாமல் சோறு இறங்காத வீட்டில் பி.பி-யை இன்னும் ஏற்றும் மாத்திரை என்றால் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

சிறுநீரகம். இங்கே தராசு பி.டி.கே. பக்கம் சாய்கிறது. வெனிட்டோகிளாக்ஸ் தொடங்கும்போது கோடிக்கணக்கான அணுக்கள் ஒரேயடியாகச் சாகும், அவற்றுக்குள் இருக்கும் பொட்டாசியம், பாஸ்பரஸ், யூரிக் ஆசிட் எல்லாம் ரத்தத்தில் கொட்டும், சிறுநீரகம் திணறும், இதயம் நிற்கக்கூடும். ஆரம்பகாலச் சோதனைகளில் இதனால் உயிர் போயிருக்கிறது. அதன் பிறகுதான் இப்போதைய ஏணி முறை வந்தது: முதல் வாரம் 20 மில்லிகிராம், பிறகு வாரத்துக்கு வாரம் 50, 100, 200, ஐந்தாவது வாரம் 400. மூன்று வாரம் முன்னதாகவே ஊசியைப் போட்டுக் கூட்டத்தைக் குறைத்துவிட்டு, அப்புறம் 22-ம் நாள்தான் முதல் மாத்திரை. யூரிக் ஆசிடுக்கு அல்லோப்யூரினால் முன்பே தொடங்க வேண்டும், தினம் ஆறு முதல் எட்டு டம்ளர் தண்ணீர், 20-க்கும் 50-க்கும் முதல் மாத்திரை போட்ட ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தில் ஒரு தடவையும் 24 மணி நேரத்தில் ஒரு தடவையும் ரத்தம். பெரியப்பச்சியின் சிறுநீரகம் அவ்வளவு நன்றாக இல்லை, கிளியரன்ஸ், அதாவது ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வேகம், 62. கானாடுகாத்தானில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்ய முடியாது. மதுரையில் அறை எடுத்துத் தங்க வேண்டும்.

பணம். இரண்டுமே தங்கத்தை நிறுத்து வாங்குவது போலத்தான், அதில் சந்தேகமில்லை. எங்களுக்குக் கிடைத்த விலையில் முதல் வருஷம் பி.சி.எல்.-2 வழிதான் கனம்: ஊசி, படுக்கை, ரத்தப் பரிசோதனை, லாட்ஜ், கார். இரண்டாம் வருஷ முடிவுக்குள் பி.டி.கே. கணக்கு அதைத் தாண்டிவிடுகிறது, அதற்கப்புறம் நிற்பதே இல்லை. பெரியப்பச்சி இதைப் பேரேட்டில் எழுதிப் பார்த்துவிட்டு, “ஒண்ணு தவணை முடியிற கடன். இன்னொண்ணு நித்தியக் கட்டளை. கட்டளைக்குச் சொத்து எழுதி வைக்கணும்ப்பா” என்றார். கொண்டுவிற்ற, அதாவது வெளிநாட்டில் வட்டித்தொழில் செய்த குடும்பத்து ஆள், இதைவிடச் சுருக்கமாக எந்தப் பேராசிரியரும் சொல்லிவிட முடியாது. ஒரு எச்சரிக்கை: ஜெனரிக் வர வர இந்தக் கணக்கு மாறும், ஆகவே எங்கள் கூட்டலை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருப்பவர்கள் எந்த மருந்து எந்தத் தொகுப்பில் வருகிறது என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் திரும்பி வந்தால் என்ன செய்வது என்ற கேள்வி. இதை யாரும் முதலில் கேட்பதில்லை, கேட்க மனசு வராது. மாத்திரையை நிறுத்தாமல் தின்னும்போது, அதைத் தாக்குப்பிடிக்கும் அணுக்கள் மட்டும் மிஞ்சிப் பெருகும். பி.டி.கே-யில் மருந்து போய் ஒட்டும் இடமான 481-ம் எழுத்து மாறிவிட்டால் மேலே சொன்ன மூன்று மாத்திரையும் பிடிக்காது. பி.சி.எல்.-2-விலும் இதே போல ஒரு மாற்றம் உண்டு, 101-ம் இடத்தில், அது பெரும்பாலும் வருஷக்கணக்கில் தொடர்ந்து தின்றவர்களிடம்தான் தென்பட்டது. ஒரு வருஷத்தில் நிறுத்திவிட்டால் அணுக்களுக்குப் பழகிக்கொள்ள அவகாசம் குறைவு. நோய் திரும்பினால் அதே மருந்தை மறுபடி கொடுத்துப் பார்க்கலாம், பி.டி.கே. கதவும் திறந்தே இருக்கும். எனக்கு இதுதான் கனமான காரணமாகப் பட்டது.

ஆனால் பரிசோதனை முடிவு வரும் வரை நாங்கள் எதையும் முடிவு செய்யவில்லை, யாரும் செய்யவும் கூடாது. ஃபிஷ்-இல் 17-ம் குரோமோசோமின் குட்டைக் கை உடைந்திருந்தால், அதாவது பி53 போயிருந்தால், ஒரு வருஷ வழியில் நோய் சீக்கிரம் திரும்புகிறது, சி.எல்.எல்.14-ல் எல்லோருக்கும் சேர்த்து நடுக்கணக்கு (பாதிப் பேருக்கு நோய் திரும்ப எடுத்த காலம்) 76 மாதம், இவர்களுக்கு மட்டும் 52. அப்படிப்பட்டவர்களுக்கு நிறுத்தாத பி.டி.கே-யைத்தான் பல டாக்டர்கள் முதலில் சொல்கிறார்கள். ஐ.ஜி.எச்.வி. என்று இன்னொரு சோதனை, நோய் அணுவின் ஆன்டிபாடி ஜீன் மாறியிருக்கிறதா என்று பார்ப்பது, அதில் மாற்றமடையாதவர் என்று வந்தால் நடுக்கணக்கு 65 மாதம். பெரியப்பச்சிக்கு 17 முழுசாக இருந்தது, ஐ.ஜி.எச்.வி. மாற்றமடையாதது. பாதி நல்ல செய்தி.

தேவகோட்டையில் என் கடை வாடிக்கையாளர் ஒருவரின் தாயாருக்கும் இதே நோய்தான். 78 வயது ஆச்சி, தனியாக இருக்கிறார், இதயம் சுத்தமாக இருக்கிறது, சிறுநீரகம் ரொம்ப மந்தம், மதுரைக்கு வாரம் இரண்டு தடவை கூட்டிப்போக ஆளில்லை. அவருக்கு ஜானுப்ருட்டினிப் கொடுத்தார்கள், சரியான முடிவு என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஒன்றுமட்டும் யாரும் அவருக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை: பி.டி.கே. மாத்திரை தொடங்கினால் நெறிகட்டிக்குள் ஒளிந்திருந்த அணுக்கள் ரத்தத்துக்கு வெளியேறும், அதனால் முதல் சில வாரம் வெள்ளையணு ஏறும். 90,000 இருந்தது 1,60,000 ஆனதைப் பார்த்து மகன் மாத்திரையை நிறுத்திவிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு என் கதவைத் தட்டினார். கழுத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன், கட்டி பாதியாகியிருந்தது. டாக்டருக்கு போன் போட்டோம், மறுநாள் காலை மாத்திரை மறுபடி தொடங்கியது.

உயிரைப் பிடித்துவைக்கும் புரதம் இந்த இரண்டுதானா என்று கேட்டால், இல்லை, பி.சி.எல்.-2-வுக்கே பங்காளிகள் உண்டு. பி.சி.எல்.-எக்ஸ்.எல்., எம்.சி.எல்.-1 என்று. பல புற்றுகள் அவர்களைத்தான் நம்பியிருக்கின்றன. பிறகு ஏன் அவர்களைத் தட்டவில்லை? தட்டிப் பார்த்தார்கள். வெனிட்டோகிளாக்ஸுக்கு மூத்தது நாவிட்டோகிளாக்ஸ், அது பி.சி.எல்.-எக்ஸ்.எல்-ஐயும் சேர்த்துப் பிடித்தது. நம் பிளேட்லெட்டுகள் உயிரோடு இருப்பதே அந்தப் புரதத்தால்தான், மருந்து உள்ளே போன உடனே பிளேட்லெட் சரிந்தது. அதைத் தொடாமல் பி.சி.எல்.-2-வை மட்டும் பிடிக்கும்படி செதுக்கியதுதான் வெனிட்டோகிளாக்ஸ். எம்.சி.எல்.-1 இன்னும் சிக்கல், இதயத் தசைக்கு அது வேண்டும். 2019-ல் ஒரு சோதனையே இதயத்தில் கண்ட அறிகுறியால் நிறுத்தி வைக்கப்பட்டது. புற்று எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். அதே தூணில் நாமும் சாய்ந்திருக்கிறோமா என்பது மீதிப் பாதி. வெனிட்டோகிளாக்ஸிலும் இது தப்பவில்லை, நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு நன்றாக இறங்கும், சி.எல்.எல்.14-ல் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கடுமையாக இறங்கியது. காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால் கஷாயம் வைக்காமல் நேரே ஆஸ்பத்திரி என்று பட்டாலைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

நாங்கள் எடுத்தது ஒரு வருஷ வழி. ஸ்டென்டும் ஆஸ்பிரினும் ஒரு காரணம், பேரேடு ஒரு காரணம், என் தம்பி வேலையை வீட்டிலிருந்தே செய்கிறவன், ஒரு மாதம் மதுரையில் கூட இருக்க அவனால் முடிந்தது, அது உண்மையில் முதல் காரணம். அவன் இல்லையென்றால் பி.டி.கே-க்குத்தான் போயிருப்போம், அதையும் குற்றவுணர்ச்சி இல்லாமல் செய்திருப்போம்.

முதல் மாத்திரை நாள் நான் கூட இருந்தேன். 10 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, வெளிர் மஞ்சள், மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு. பெரியப்பச்சி உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, “இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?” என்றார். இட்லி சாப்பிட்ட பிறகு போட்டுக்கொண்டார், வெறும் வயிற்றில் போடக் கூடாது. மத்தியானம் பார்க்க வந்த அம்மான், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்களாமே என்று ஆறு இளநீர் சீவிக் கொண்டுவந்தார். பாசம்தான், ஆனால் இளநீர் முழுக்கப் பொட்டாசியம், அந்த வாரத்தில் ரத்தத்தில் ஏறக் கூடாது என்று நாங்கள் காவல் காக்கும் சரக்கே அதுதான். ஆறையும் நர்ஸுகள் குடித்தார்கள். கிரேப் ஃப்ரூட்டும் நட்சத்திரப் பழமும் மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும் என்று சீட்டிலேயே இருக்கிறது, பம்பளிமாஸும் அந்த உறவுதான் என்பதால் அதையும் வீட்டில் நிறுத்தியாயிற்று. பூஞ்சை மாத்திரை, சில ஆன்டிபயாடிக், எல்லாமே அந்த வழியில் குறுக்கே வரும். என் கடை உட்பட எந்தக் கடையிலும் கேட்காமல் எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள். முள் சீத்தா இலைத் தூளோடு வந்தவரை மட்டும் முகப்பிலேயே காப்பி கொடுத்து அனுப்பிவிட்டோம்.

சாயங்காலம் ரத்தம், மறுநாள் காலை ரத்தம். பொட்டாசியம் 4.6, பாஸ்பரஸ் கொஞ்சம் கூட, கவலைப்படும்படி இல்லை. இப்போது 400-க்கு வந்து மூன்று வாரம் ஆகிறது, வீட்டில்தான் இருக்கிறார், கழுத்துப் பொத்தான் போட முடிகிறது. நேற்று வெள்ளையணு 5,100. ரிப்போர்ட்டை வாங்கிப் பேரேட்டைத் திறந்து, ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் குறைந்ததை வரவில் எழுதுவதா பற்றில் எழுதுவதா என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தார்.